ஃபோர்ட் லாங்லி: உப்பு மீனால் வாழ்ந்த கோட்டை

கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் நினைத்துக்கொண்டு வருகிற தமிழருக்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஃப்ரேசர் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபோர்ட் லாங்லி முதல் பார்வையில் ஒரு கோட்டையாகவே தோன்றாது. கருங்கல் மதில் இல்லை, அகழி இல்லை, யானை நுழையும் வாயிலும் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மரக்கம்பங்களை நெருக்கி நட்டு எழுப்பிய வேலியும், மரத்தாலான கொத்தளமும், உள்ளே பசும்புல் முற்றத்தைச் சுற்றி நிற்கும் சில மரக்கட்டடங்களுமே அங்கு உள்ளன. பெயரில் மட்டுமே இது கோட்டை. கும்பினிக் காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் புழங்கிய பண்டகசாலை என்ற சொல்தான் இதற்குச் சரியாகப் பொருந்தும். சரக்கு வாங்கவும், சேமிக்கவும், பொதி கட்டவும், கப்பலேற்றவும் அமைத்த இடம் இது. இந்த எண்ணத்தோடு உள்ளே நுழைகிறவருக்கு ஒரு முழு நாளும் போதாது என்பதே, சென்ற கோடையில் என் தந்தையையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு அங்கு ஒரு நாளைக் கழித்த பின் நான் வந்த முடிவு.

வான்கூவர் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இந்த இடம் இருக்கிறது. நாங்கள் வசிக்கும் சர்ரேயிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை, வேறொரு வேலையாக அந்தப் பக்கம் சென்றபோது மாலை நான்கு மணிக்கு நுழைந்து ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மரமும் புல்லும் மழைச் சேறும்தான். அந்த ஒரு மணி நேரப் பார்வையை வைத்துக்கொண்டு நண்பர்களிடம் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணமும் இதை எழுதுவதற்கு ஒரு காரணம்.

இங்கே பழையது எது, புதிதாகக் கட்டியது எது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. லண்டனில் 1670ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்றுத் தொடங்கிய உரோம வியாபார நிறுவனமான ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆட்கள், ஜேம்ஸ் மக்மில்லன் தலைமையில் 1827இல் வந்து, இப்போதைய இடத்துக்குச் சில கிலோமீட்டர் கீழாற்றில் முதல் கோட்டையைக் கட்டினார்கள். 1839இல் அதைக் கைவிட்டு, விளைநிலத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக மேலாற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். கட்டி ஓராண்டுகூட நிறையாத அந்தக் கோட்டை 1840இல் தீக்கிரையாகியது. அதன் பிறகு எழுப்பியதுதான் இன்று நாம் காணும் கோட்டையின் மூலம். 1886இல் கம்பெனி அதையும் கைவிட்டது. கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துபோக, ஒரே ஒரு கிட்டங்கி மட்டும் பண்ணைக்காரர்களுக்குக் களஞ்சியமாகப் பயன்பட்டுத் தப்பியது. 1923இல் இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1950களில் மைய அரசு ஏற்றுக்கொண்டு, மாகாணத்தின் நூற்றாண்டான 1958ஐ ஒட்டி மற்றக் கட்டடங்களைப் பழைய அமைப்பில் மறுபடியும் கட்டியது. இன்று பார்க்ஸ் கனடா என்ற மைய அரசு நிறுவனம் நிர்வகித்துவருகிறது. ஆகவே முற்றத்தில் நின்று பார்க்கும்போது கண்ணில் படும் வேலி, கொத்தளம், பெரிய வீடு ஆகிய யாவும் மறுபடியும் கட்டியவை. 1840களைச் சேர்ந்த அந்தக் கிட்டங்கி ஒன்றே உண்மையில் பழையது.

இது தெரிந்த பின் கிட்டங்கிக்குள் நுழைவது வேறோர் அனுபவம். கம்பங்களில் காடி வெட்டி, அவற்றுக்கிடையே செதுக்கிய மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடுக்கிய சுவர் அது. ஒரு கட்டை உளுத்துப்போனால் முழுச் சுவரையும் இடிக்காமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். கோடாரியால் செதுக்கிய தழும்புகள் கையால் தடவினால் இன்றும் தெரிகின்றன. மறுகட்டுமானக் கட்டடங்களின் மரம் நேராகவும் ஒழுங்காகவும் இருக்க, இந்த மரம் மட்டும் சாயலிலும் நிறத்திலும் முதுமையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. என் மகள் இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் ஓடி ஓடிச் சுவரைத் தொட்டுப் பார்த்து, தானாகவே எது பழையது என்று கண்டுபிடித்தாள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

உள்ளே ஒரு பக்கம் கடை. மறுபக்கம் உரோமத் தோல்கள். பீவர், கரடி, ஓநாய், நரி என்று விதவிதமான தோல்கள் தொங்குகின்றன, தொட்டுப் பார்க்கலாம். பீவரின் மேல்மயிரை விலக்கினால் அடியில் குறுகிய, மிக நெருக்கமான மற்றொரு மயிர் இருக்கிறது. ஐரோப்பாவின் கனவான்கள் தலையில் வைத்த உயரத் தொப்பிகளுக்காகத் தேடியது இந்த அடிமயிரைத்தான். அந்த மயிரின் நுண்ணிய முள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், நெய்யாமலேயே அழுத்தி இறுக்கித் துணியாக்க முடிந்தது. தோல்களை அடுக்கி நெம்புகோலால் அழுத்தி ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள பொதிகளாகக் கட்டும் பெரிய மர அழுத்தி ஒன்றும் அங்கு நிற்கிறது. ஒரு மனிதன் நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் சுமந்து மலைப்பாதையில் நடக்கக்கூடிய அளவே பொதியின் அளவு. கட்டியவர் வேறு, சுமந்தவர் வேறு, அணிந்தவர் வேறு என்ற அந்த வியாபாரச் சங்கிலி முழுவதும் ஒரே அறையில் விளங்கிவிடுகிறது.

கடைப் பலகையின் மேல் கம்பளிகள் அடுக்கி இருக்கின்றன. வெண்ணிறப் பரப்பில் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலம் என நான்கு பட்டைகள் உடைய இந்தக் கம்பளியைக் கனடாவில் அறியாதவர் இல்லை. ஓரத்தில் விரல் நீளக் கோடுகள் சில நெய்யப்பட்டிருக்கும். அத்தனை பீவர் தோல் கொடுத்தால் கம்பளி கிடைக்கும் என்பதற்கான குறி அது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தவறு. கம்பளியின் அளவை மடிப்பைப் பிரிக்காமலேயே தெரிந்துகொள்வதற்கான அடையாளம்தான் அந்தக் கோடு. முன்னூற்று ஐம்பது ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த அந்தக் கம்பெனி, 2025 ஜூன் 1ஆம் நாள் கனடா முழுவதும் தன் கடைகளை மூடிவிட்டது. கடை மூடிய செய்தியைப் படித்திருந்த என் மகள், இந்தக் கம்பளி இனிமேல் இங்கே மட்டும்தான் இருக்குமா என்று கேட்டாள். இந்த இடம் இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது அந்தக் கேள்வியால்தான்.

உரோமத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஃபோர்ட் லாங்லியை வாழவைத்தது உரோமம் அல்ல. இதை வாசலில் இருக்கும் பலகையைப் படித்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் உணர வேண்டுமானால் பீப்பாய்ப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். உங்களிடம் இரண்டு மணி நேரம் மட்டுமே இருந்தால்கூட அதில் ஒரு மணி நேரத்தை அங்கே கழியுங்கள் என்பேன்.

என் தந்தை தூத்துக்குடிக்காரர். அவருடைய தந்தை காலம்வரை எங்கள் குடும்பத்துக்குக் கருவாட்டு வியாபாரம். அதுவரை மரியாதைக்காக எல்லாவற்றையும் பார்த்துவந்தவர், பட்டறையின் மூலையில் இருந்த சால்மன் மீன் பீப்பாயைக் கண்டதும் அதன் வாயருகே குனிந்து நின்றுவிட்டார். இந்த மீனை உப்பில் ஊறப்போட்டார்கள் என்று நான் மொழிபெயர்த்ததும், “வெயிலே இல்லாத ஊருல கருவாடு எப்படிப்பா காயும்? ஊறப்போட்டுத்தான் அனுப்பியிருக்கணும்” என்றார். பீப்பாய் செய்து காட்டிக்கொண்டிருந்த ஊழியரிடம் இதைச் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். ஆற்றின் மேற்பகுதியில், காற்று வேகமாக வீசும் மலையிடுக்குகளில் பூர்வகுடி மக்கள் சால்மனைக் காற்றிலேயே உலர்த்துவதும், ஈரம் மிகுந்த இந்தக் கீழ்ப்பகுதியில் புகையில் வாட்டுவதும் கம்பெனி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள வழக்கம் என்றும், கம்பெனி கொண்டுவந்தது உப்பும் பீப்பாயும்தான் என்றும் விளக்கினார். அதன் பின் அரை மணி நேரம் நான் இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நின்றேன்.

பீப்பாய் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். பக்கப் பலகை ஒவ்வொன்றும் நடுவில் அகன்றும் இரு முனையில் குறுகியும் இருக்கும்படி இழைக்க வேண்டும். அதன் ஓரங்களும் வட்டத்துக்கு ஏற்பச் சற்றே சரிந்திருக்க வேண்டும். இந்தச் சரிவுக்கு அளவுகோல் கிடையாது. தச்சரின் கண்தான் அளவு. பலகைகளை ஒரு வளையத்துக்குள் நிறுத்தி, நடுவில் சிறு தீ மூட்டி, நீர் தெளித்துச் சூடேற்றி, மெல்ல மெல்ல வளைத்து மறுமுனையிலும் வளையத்தை இறக்குகிறார்கள். உள்விளிம்பில் காடி எடுத்து மூடியைப் பொருத்துகிறார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. உள்ளே ஊற்றும் உப்புநீரை மரமே உறிஞ்சி உப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. எங்கள் கைக்குக் கொடுத்த ஒரு பலகையை மகள் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் கத்தி முனைபோல் கூர்மையாகவும் இருந்தது. அந்த ஓரத்தில் மயிரிழை பிசகினாலும் உப்புநீர் கசிந்துவிடும். கசிந்தால் மீன் கெட்டுவிடும். ஆர்ச்சிபால்ட் மக்டொனால்ட் கோட்டையை நடத்திய தொடக்க ஆண்டுகளில் நல்ல பீப்பாய் அமையாமல் கம்பெனி பட்ட பாடு இதுதான். பீப்பாய் சரியான பிறகு மீன் வியாபாரமும் சரியானது. 1840களின் முடிவில் இங்கிருந்து 2,000 பீப்பாய்களுக்கு மேல் சென்ற ஆண்டுகள் உண்டு.

உப்பு எங்கிருந்து வந்தது என்பது என் தந்தையின் அடுத்த கேள்வி. உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. மழையூரில் உப்பு விளையாது. பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிலிருந்து உப்பு கப்பலில் வந்தது. அந்த உப்பில் ஊறிய சால்மன் அதே ஹவாய்க்கு விற்பனைக்குச் சென்றது. சால்மன் நீந்தாத அந்தக் கடலோர மக்களின் விருந்துகளில், உப்பு சால்மனைத் தக்காளியோடும் வெங்காயத்தோடும் பிசைந்து செய்யும் லோமிலோமி என்ற உணவு இன்றும் இடம்பெறுவதற்கு இந்த வியாபாரமே வேர். சரக்கு மட்டுமல்ல, ஆட்களும் அந்தப் பாதையில் வந்தார்கள். கனாகர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட ஹவாய்க்காரர்கள் கூலிக்கு ஒப்பந்தமாகி இங்கு வந்து, மரம் அறுத்து, மீனுக்கு உப்பிட்டு, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினார்கள். ஆற்றின் மறுகரையில் இன்றும் கனாகா ஓடை என்ற பெயரில் ஒரு நீரோடை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கருவாடும் ஆட்களும் போய்வந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் வியப்பு இல்லை. ஒரு நெருக்கம் மட்டும் இருந்தது.

மீனைப் பிடித்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றின் உரிமைக்காரர்களான குவாண்ட்லென் என்ற பூர்வகுடி மக்களும் அவர்களைச் சேர்ந்த மற்ற ஸ்டோலோ மக்களும் பிடித்துக் கொண்டுவந்து விற்றார்கள். மீன் ஏறும் பருவத்தில் படகுகள் கரையை அடைத்து நிற்க, இரவும் பகலும் பாராமல் மீனை வெட்டி, குடல் நீக்கிச் சுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள். கம்பெனியின் கணக்கில் பீப்பாய்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது. அந்தக் கைகளுக்கு இல்லை. கோட்டையைச் சுற்றி வருகிறவர்கள் இதை ஊழியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அவர்கள் நிறையப் படித்தவர்கள், பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்துக்கு நடுவில் அவர்களாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. கேட்பவருக்குக் கிடைக்கும் கதை ஒன்று, கேளாதவருக்குக் கிடைக்கும் கதை வேறொன்று.

அப்படிக் கேட்டு நாங்கள் அறிந்த செய்திகளில் என் மகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது கம்பளி நாயின் கதையை. கம்பெனியின் கம்பளிகள் வருவதற்கு முன், இந்தக் கரையோர மக்கள் அடர்ந்த வெண்மயிர் கொண்ட ஒரு சிறப்பு நாயினத்தைத் தனியாக வளர்த்து, ஆட்டுக்குச் செய்வதுபோல் மயிர் கத்தரித்து, மலையாட்டு மயிரோடு கலந்து நூற்றுக் கம்பளி நெய்தார்கள். மயிர் கத்தரித்த நாய்கள் படகுகளில் செல்வதைக் கோட்டையின் முதல் ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பே குறித்துவைத்திருக்கிறது. அந்த நாயினம் இன்று உலகில் இல்லை. கிட்டங்கியில் நாங்கள் தடவிப் பார்த்த நான்கு பட்டைக் கம்பளிக்குப் பின்னால் இப்படியோர் இழப்பும் இருக்கிறது. குவாண்ட்லென் மக்கள் ஆனால் இங்கேதான் இருக்கிறார்கள். கோட்டைக்கு எதிரே உள்ள மக்மில்லன் தீவு அவர்களுடைய ஊர். பழங்கதையாக அவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வருவது சரியல்ல என்பதால், ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று அந்தத் தீவைக் காட்டினேன்.

கொல்லர் பட்டறை வழக்கம்போல் பிள்ளைகள் கூடும் இடம். துருத்தி ஊதுவதும் பழுக்கக் காய்ந்த இரும்பு கொக்கியாக வளைவதும் எங்கும் பார்க்கக்கூடியவையே. தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றித் தங்கம் சலிக்கும் தொட்டியில் மகள் நீண்ட நேரம் கிடந்தாள். அது வெறும் விளையாட்டு என்றாலும், அடுத்து நீங்கள் நுழைய வேண்டிய பெரிய வீட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1858இல் ஃப்ரேசர் ஆற்றின் மணலில் தங்கம் இருக்கும் செய்தி கலிபோர்னியாவை எட்டியது. அந்த ஓர் ஆண்டில் முப்பதாயிரம் பேரளவில் இந்த ஆற்றை நோக்கி வந்தார்கள். மண்வெட்டியும் மாவும் பன்றி இறைச்சியும் விற்றுக் கோட்டைக்கு வந்த வருமானம் ஒருபுறம் இருக்க, இவ்வளவு அமெரிக்கர்கள் குவிந்தால் நிலமே கைமாறிவிடும் என்ற அச்சம் லண்டனுக்கு வந்தது. ஆகவே இந்தப் பெருநிலப்பரப்பைப் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற குடியேற்ற நாடாக அறிவித்து, 1858 நவம்பர் 19ஆம் நாள், கொட்டும் மழையில், இந்தக் கோட்டையின் பெரிய வீட்டில் பிரகடனத்தை வாசித்தார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் ஆளுநராகவும் மாத்யூ பெய்லி பெக்பி நீதிபதியாகவும் பதவியேற்றார்கள். தென்னமெரிக்காவின் டெமராராவில், பார்படோஸ் தீவைச் சேர்ந்த கலப்பினத் தாய்க்குப் பிறந்தவர் டக்ளஸ்; அவர் மனைவி அமீலியா, கிரீ என்ற பூர்வகுடி இனத்துத் தாயின் மகள். மாகாணத்தின் தொடக்க வீட்டிலேயே இத்தனை குலங்கள் கலந்திருந்தன என்பதைப் புலம்பெயர்ந்த பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்கு நிச்சயம் சொல்ல வேண்டும்.

அந்த அறையில் நின்றபோது என் மனத்தில் ஓடியது வேறு ஒரு தேதி. அன்றைய நிகழ்ச்சியில் வாசித்தவற்றுள், பெருநிலப்பரப்பில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு இருந்த தனி வாணிப உரிமையை நீக்கும் அறிவிப்பும் ஒன்று. அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, அதே நவம்பர் மாதம் 1ஆம் நாள், அலகாபாத்தில் கானிங் பிரபு விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தை வாசித்து, இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்ததை அறிவித்தார். லண்டனில் சாசனம் பெற்றுப் புறப்பட்ட இரண்டு வியாபாரக் கம்பெனிகள்; ஒன்றுக்குச் சென்னையில் கோட்டை, மற்றதற்கு இங்கே கோட்டை; இரண்டின் கையிலிருந்தும் ஒரே மாதத்தில் அரசு அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. இதை அங்கே எந்தப் பலகையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஜார்ஜ் கோட்டையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்த அறைக்குள் நுழையும்போது இதை நினைத்துக்கொண்டு நுழையலாம். அறையின் மேசையும் மைக்கூடும் இறகுப் பேனாவும் அப்போது வேறு கனம் பெறுகின்றன.

இனி, போக நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய சில செய்திகள். 17 வயது வரை உள்ளோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கும் குறைந்த கட்டணமே. காலை 10 மணிக்குத் திறக்கும் வேளையில் சென்றுவிடுவது நல்லது. பீப்பாய், கொல்லர் வேலை, உரோம வியாபாரம் ஆகியவற்றின் செயல்விளக்கங்கள் நாள் முழுவதும் நடப்பதில்லை. குறித்த நேரங்களில்தான் நடக்கும். நுழைந்ததும் அன்றைய நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பீப்பாய்ப் பட்டறையின் நேரத்தைச் சுற்றி மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். விளக்கப் பலகைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளன. ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் முந்தைய இரவே சற்றுப் படித்துக்கொண்டு போனால் அவர்களுக்கு அது பெரிய உதவி. அக்டோபருக்குப் பின் மழை விடாது. முற்றத்துப் புல் சொதசொதக்கும். பழைய செருப்போடு போக வேண்டிய இடம். இரவு தங்க விரும்புவோருக்குக் கோட்டைக்கு அருகிலேயே கூடாரமும் மரவீடும் கலந்த சிறு குடில்கள் இருக்கின்றன. அங்கு நாங்கள் தங்கிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு நாங்கள் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுசென்றோம். மரநிழலில் அமர்ந்து உண்ண இடம் உண்டு. வெளியே ஊரில் உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வார இறுதி நண்பகலில் ஓர் உணவகத்தில் தேநீருக்கும் பலகாரத்துக்கும் முக்கால் மணி நேரம் காத்திருந்து, வந்த பலகாரம் ஆறிப்போயும் இருந்தது. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் உணவைக் கையோடு எடுத்துச்செல்வதே மேல். ஊரின் பழைய ரயில் நிலையமும் பழம்பொருள் கடைகளும் அரை மணி நேரத்துக்குரியவை. கம்பெனிக் காலத்தில் பூர்வகுடிகளிடம் வாங்கிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கிரான்பெரிப் பழத்துக்கு இவ்வூரில் ஒவ்வோர் அக்டோபரிலும் திருவிழா நடக்கிறது. கூட்டத்தை விரும்புவோர் அந்த நாளில் செல்லலாம், கோட்டையை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்தும் வெளிச்சம் மிச்சம் இருந்தால், ஆற்றை ஒட்டி மேற்கே செல்லும் நடைபாதையைத் தவறவிடாதீர்கள். 1827இல் முதல் கோட்டை நின்ற டெர்பிக்கு அது கொண்டுசேர்க்கும். நடக்க முடியாத என் தந்தைக்காக நாங்கள் காரிலேயே போனோம். அங்கே கோட்டையின் வேலியும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒரு நினைவுக்கல்லும் புல்வெளியும் மட்டுமே. ஃப்ரேசர் ஆறு அகன்று, கலங்கலாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. தந்தை கரையோரம் நின்று நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டத்தை எதிர்த்து மீன் ஏறுமா என்று கேட்டார். ஏறும், ஆகஸ்டில் சிவப்புச் சால்மன் ஏறும் என்றேன். அப்படியானால் திரும்பும் பயணச்சீட்டை ஆகஸ்டுக்குப் பின் மாற்றிவிடச் சொன்னார். அன்று இரவே மாற்றிவிட்டேன்.